விண்வெளியின் மௌனம் சொல்வது என்ன?

2016ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் இரவு. புனே நகருக்கு வடக்கே, நாராயண்காவ் அருகிலுள்ள கோடத் என்னும் சிற்றூரில், மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கியின் கிண்ணங்கள் செவ்வாய்க் கோளை நோக்கித் திரும்பியிருந்தன. ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பிய ஸ்கியாபரெல்லி என்னும் சிறு கலம் அன்று செவ்வாயில் இறங்கவிருந்தது. அக்கலத்தின் மெல்லிய வானொலிச் சமிக்ஞை ஏறத்தாழ 17 கோடி கிலோமீட்டர் தொலைவைக் கடந்து நம் நாட்டு மண்ணில் கேட்டது. கலம் செவ்வாயின் வளிமண்டலத்துக்குள் நுழைந்தது, வான்குடை விரிந்தது, பிறகு, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், சமிக்ஞை நின்றுவிட்டது. கலம் தரையில் மோதிச் சிதைந்தது பின்னர் உறுதியாயிற்று.

அன்று எழுந்த மௌனத்துக்குத் தெளிவான பொருள் இருந்தது. எந்தத் திசையில் கேட்க வேண்டும், எந்த அதிர்வெண்ணில் கேட்க வேண்டும், எந்த நிமிடத்தில் கேட்க வேண்டும் என்ற மூன்றும் அறிவியலாளர்களுக்குத் தெரியும். ஆகவே சமிக்ஞை நின்ற கணமே ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என அவர்களால் ஐயுற முடிந்தது.

இதைவிட மிகப் பெரிய மௌனம் ஒன்றும் உண்டு. வேற்றுலக நாகரிகங்களின் வானொலிச் சமிக்ஞைகளை மனிதகுலம் 60 ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடி வருகிறது. இன்றுவரை ஐயத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சமிக்ஞைகூட அகப்படவில்லை. இந்த மௌனத்துக்கு என்ன பொருள்? அங்கே எவரும் இல்லை என்பதா? அல்லது நாம் இன்னும் சரியாகக் கேட்கவே தொடங்கவில்லை என்பதா?

ஒரு மதிய உணவும் ஒரு கேள்வியும்

1950ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில், இயற்பியல் மேதை என்ரிகோ ஃபெர்மி நண்பர்களுடன் மதிய உணவு அருந்திக்கொண்டிருந்தார். பேச்சு வேற்றுலக உயிர்களைப் பற்றித் திரும்பியிருந்தது. திடீரென அவர், 'அப்படியானால் எல்லோரும் எங்கே?' என்னும் பொருள்படக் கேட்டார். நமது பால்வெளி மண்டலத்தில் 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அவற்றுள் பல நமது சூரியனைவிட மிகவும் மூத்தவை. அறிவுடைய உயிர்கள் எளிதில் தோன்றக்கூடியவை என்றால், அவர்களின் சுவடுகளை இந்நேரம் நாம் கண்டிருக்க வேண்டும் அல்லவா? இதுவே 'ஃபெர்மியின் முரண்பாடு' எனப் புகழ்பெற்றது.

1959இல் கொக்கோனி, மாரிசன் என்னும் இரு இயற்பியலாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினர். விண்மீன்களுக்கிடையே செய்தி அனுப்ப வானொலி அலைகளே ஏற்றவை. அண்டத்தில் மிகுதியாக உள்ள ஹைட்ரஜன் அணு 1,420 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயல்பாகவே அலை வெளியிடுகிறது. இதை எந்த நாகரிகமும் அறிந்திருக்கும். எனவே அவ்வெண்ணருகே தேடலாம் என்பது அவர்களின் வாதம். அடுத்த ஆண்டே, அதாவது 1960இல், ஃபிராங்க் டிரேக் என்னும் இளம் வானியலாளர் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் இருந்த 26 மீட்டர் தொலைநோக்கியைச் சூரியனை ஒத்த இரு அண்மை விண்மீன்களை நோக்கித் திருப்பினார். அதுவே முதல் தேடல். சமிக்ஞை ஏதும் கிட்டவில்லை. அன்று தொடங்கிய மௌனம் இன்றும் நீடிக்கிறது.

தொலைவு என்னும் தடை

மௌனத்துக்கான முதற்காரணம் தொலைவு. வானொலி அலை பரவப் பரவ மெலிகிறது. தொலைவு இருமடங்கானால் அதன் வலிமை நான்கில் ஒன்றாகக் குறைகிறது. பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகிவிடுகிறது.

இதைக் கோடத்தின் எடுத்துக்காட்டைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி. அது 4.2 ஒளியாண்டுத் தொலைவில், அதாவது சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஸ்கியாபரெல்லியின் ஒலிபரப்பியை அங்கே கொண்டு வைத்தால், நம்மை வந்தடையும் சமிக்ஞை செவ்வாயிலிருந்து வந்ததைவிட 5,000 கோடி மடங்குக்கும் மேல் மெலிந்திருக்கும். இது மிக அருகிலுள்ள விண்மீனின் நிலை. பால்வெளி மண்டலத்தின் குறுக்களவோ ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு.

ஆகவே வேற்றுலகத்தாரின் அன்றாட வானொலி, தொலைக்காட்சிக் கசிவுகளைக் கேட்பது இன்றைய நம் கருவிகளுக்கு எளிதன்று. ஆற்றல் மிக்க அலைக்கற்றையை அவர்கள் நம்மை நோக்கியே செலுத்தினால்தான் வாய்ப்பு உண்டு. எடுத்துக்காட்டாக, போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கியின் ராடார் கற்றையை, அதே அளவு கருவி உடையவர்கள் பல ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்தும் உணர முடியும். ஆனால் அக்கற்றை வானின் மிகச் சிறு பகுதியில் மட்டுமே, சிறு பொழுது மட்டுமே விழும். அதன் வழியில் இருப்பவருக்கு மட்டுமே அது தெரியும்.

கடலில் எவ்வளவு நீரை முகந்தோம்?

இரண்டாவது காரணம் தேடுவெளியின் பரப்பு. பெரிய வானொலித் தொலைநோக்கி ஒன்று ஒரு நேரத்தில் பார்ப்பது வானின் மிகச் சிறிய வட்டம். கிரீன் பேங்கில் இன்றுள்ள 100 மீட்டர் தொலைநோக்கி, ஹைட்ரஜன் அதிர்வெண்ணில், முழுநிலவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வட்டத்தையே காண்கிறது. வானம் முழுவதையும் அவ்வாறு நிரப்ப 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டங்கள் வேண்டும்.

அதிர்வெண்ணை எடுத்துக்கொண்டால், 1,000 முதல் 10,000 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியே தேடலுக்கு மிக ஏற்றது எனக் கருதப்படுகிறது. செயற்கைச் சமிக்ஞை மிகக் குறுகிய அலைவரிசையில் இருக்கக்கூடும் என்பதால், அப்பகுதியை ஒரு ஹெர்ட்ஸ் அகலமுள்ள தடங்களாகப் பிரித்தால் 900 கோடித் தடங்கள் கிடைக்கும். பழைய வானொலிப் பெட்டியில் குமிழைத் திருகி நிலையம் பிடித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. 900 கோடி நிலையங்கள் கொண்ட பெட்டியை, 20 லட்சம் திசைகளிலும் திருப்பி, எப்போது ஒலிபரப்பு நடக்கும் என்பதே தெரியாமல் குமிழைத் திருகுவதை எண்ணிப் பார்த்தால் பணியின் அளவு புலப்படும்.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜில் டார்ட்டர், இதுவரை நடந்த தேடலைக் கடலிலிருந்து முகந்த ஒரு குவளை நீருக்கு ஒப்பிட்டார். அக்குவளையில் மீன் இல்லை என்பதால் கடலில் மீனே இல்லை என்று எவரும் சொல்லமாட்டார். 2018இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தனர். உலகக் கடல்கள் அனைத்தோடும் ஒப்பிட, நாம் ஆராய்ந்தது ஒரு பெரிய நீர்த்தொட்டி அளவே என்பது அவர்களின் முடிவு. குவளை தொட்டியாக வளர்ந்திருக்கிறது. கடலோ அப்படியே இருக்கிறது. ஒரு கணக்கில் வரவே இல்லை என்று உறுதி கூற வேண்டுமானால், பேரேட்டின் எல்லாப் பக்கங்களையும் புரட்டியிருக்க வேண்டும். நாம் முதற்பக்கத்தின் முதல் வரியில் இருக்கிறோம்.

ஏமாற்றிய ஒலிகள்

கேட்கவேண்டிய ஒலி கேட்காதது ஒருபுறம் இருக்க, கேட்ட ஒலிகள் ஏமாற்றியதும் உண்டு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ஏறத்தாழ 1.3 நொடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் சமிக்ஞை ஒன்றைக் கண்டார். அதன் ஒழுங்கைக் கண்டு வியந்து, 'சிறிய பச்சை மனிதர்கள்' என்று அதற்கு விளையாட்டாகப் பெயரிட்டனர். முடிவில் அது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று தெரிந்தது. வேற்றுலகத்தார் கிடைக்கவில்லை, ஆனால் துடிவிண்மீன்கள் என்னும் புதிய இனமே வானியலுக்குக் கிடைத்தது.

1977 ஆகஸ்ட் 15ஆம் நாள், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநோக்கி 72 நொடிகள் நீடித்த வலிய சமிக்ஞை ஒன்றைப் பதிவு செய்தது. சில நாள்களுக்குப் பின் அச்சுத்தாளைப் பார்த்த ஜெர்ரி எமன் என்னும் வானியலாளர் அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'வாவ்!' என்று ஓரத்தில் எழுதினார். அதே இடத்தில் பலமுறை தேடியும் அச்சமிக்ஞை மீண்டும் கேட்கவில்லை. அதன் தோற்றுவாய் எது என்பது இன்றும் முடிவாகவில்லை.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது விசித்திரமான துடிப்புகள் பதிவாயின. 2015இல் காரணம் தெரிந்தது. வளாகத்தில் உணவு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, நேரம் முடியுமுன்பே யாரோ திறந்தபோதெல்லாம் அத்துடிப்பு எழுந்திருக்கிறது! அதே தொலைநோக்கி 2019இல் பிராக்ஸிமா சென்டாரியின் திசையில் 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு சமிக்ஞையைப் பிடித்தது. உலகெங்கும் எதிர்பார்ப்பு எழுந்தது. 2021இல் வெளியான ஆய்வு, அது மனிதர் உருவாக்கிய மின்னணுக் கருவியின் இடையூறே என்று காட்டியது.

இந்நிகழ்ச்சிகள் கேலிக்குரியவை அல்ல. கிட்டிய ஒவ்வொன்றையும் ஆய்வாளர்கள் தாமே முதலில் ஐயுறுகின்றனர். தொலைநோக்கியை விண்மீனை நோக்கித் திருப்பிக் கேட்பர். பிறகு சற்றே விலக்கிக் கேட்பர். விலக்கியபோதும் ஒலி கேட்டால் அது நம்முடையது. இந்த ஒழுக்கம் இருப்பதனால்தான், ஒருநாள் அவர்கள் 'கேட்டது' என்று சொன்னால் நாம் நம்பலாம்.

காலம் ஒத்துவர வேண்டும்

மூன்றாவது காரணம் காலம். நமது பூமியின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள். வானொலி அலைகளைக் கையாளக் கற்று நமக்கு ஏறத்தாழ 130 ஆண்டுகளே ஆகின்றன. 1890களில் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் அவ்வலைகளைக் கொண்டு தொலைவிலிருந்தே மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். பூமியின் வரலாற்றை ஓர் ஆண்டாகச் சுருக்கினால், நமது வானொலிக் காலம் டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவுக்கு முந்தைய கடைசி ஒரு நொடிக்கும் குறைவு. அந்த ஒரு நொடியும், வேறோர் உலகத்தின் ஒலிபரப்புக் காலமும், இடையே அலை பயணம் செய்யும் காலமும் ஒத்துவந்தால்தான் சந்திப்பு நிகழும். இருண்ட வயல்வெளியின் இரு கோடிகளில் இரு மின்மினிகள் ஒருமுறை மட்டும் ஒளிர்ந்தால், ஒன்றையொன்று காணுமா?

அதுமட்டுமன்று, நாகரிகம் முதிர முதிர அதன் ஒலி அடங்கவும் கூடும். நம்மையே பார்ப்போம். ஒருகாலத்தில் வீடுதோறும் கூரையில் ஆன்டெனா நின்றது. இன்று நமது செய்திகளில் பெரும்பகுதி கண்ணாடி இழைகளின் உள்ளே ஒளியாகச் செல்கிறது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி ஒலிபரப்பிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. எஞ்சிய அலைகளிலும் செய்தி சுருக்கப்பட்டு, மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது. கைபேசி வழியே நாம் வங்கிக்கு அனுப்பும் ஒரு பணப்பரிமாற்றச் செய்தி, அதன் திறவுகோல் இல்லாதவருக்குப் பொருளற்ற எண்குவியலாகவே தோன்றும். அப்படித் தோன்றுவதில்தான் நமது பணத்தின் பாதுகாப்பு இருக்கிறது. வேற்றுலகத்தாரும் இவ்வழியே வந்திருந்தால், அவர்களின் பேச்சு நமக்கு வெறும் இரைச்சலாகவே கேட்கும்.

எல்லோரும் கேட்டால் பேசுபவர் யார்?

இன்னொரு காரணத்தை நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். நாம் பெரும்பாலும் கேட்கிறோமேயன்றிப் பேசுவதில்லை. 1974 நவம்பரில் அரெசிபோவிலிருந்து 1,679 இருமக் குறிகள் கொண்ட செய்தி ஒன்று எம்-13 என்னும் விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பப்பட்டது. ஏறத்தாழ மூன்று நிமிடம், ஒரே முறை. அக்கொத்து சுமார் 25,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. மறுமொழி வருவதாயின் இன்னும் 50,000 ஆண்டுகள் ஆகும். வேறு சில சிறு முயற்சிகளும் உண்டு. ஆயினும் தொடர்ந்து ஒலிபரப்பும் கலங்கரை விளக்கம் ஒன்றை நாம் எழுப்பவில்லை. முன்பின் அறியாதவருக்கு நம் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பது விவேகமா என்று அறிவியலாளரிடையே விவாதம் நடக்கிறது. இதே தயக்கம் அவர்களுக்கும் இருந்தால், வானம் முழுதும் காதுகளே நிறைந்து, நா ஒன்றும் இல்லாமற்போகும்.

உண்மையிலேயே எவரும் இல்லையா?

எதிர்த்தரப்பையும் நேர்மையுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். 1975இல் மைக்கேல் ஹார்ட் என்னும் ஆய்வாளர், வேற்றுலகத்தார் இங்கே வந்திராததே அவர்கள் இல்லை என்பதற்குச் சான்று என்று வாதிட்டார். பூமியின் வரலாறும் ஓர் எச்சரிக்கை தருகிறது. இங்கே உயிர் தோன்றிய பின் பெரும்பகுதிக் காலம் நுண்ணுயிர்களே வாழ்ந்தன. உயிர் இருப்பது ஒன்று. தொலைநோக்கி கட்டும் உயிர் இருப்பது வேறொன்று. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் 5,500க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் ஒன்றிலேனும் உயிர் உண்டு என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை.

1961இல் டிரேக் ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். விண்மீன்கள் தோன்றும் வேகம், அவற்றின் கோள்கள், உயிர், அறிவு, தொழில்நுட்பம் என அடுக்கிக்கொண்டே போகும் அச்சமன்பாட்டின் கடைசி உறுப்பு, தொழில்நுட்ப நாகரிகம் எத்தனை ஆண்டு நிலைத்திருக்கும் என்பது. அதை எந்தத் தொலைநோக்கியும் நமக்கு எளிதில் அளந்து தராது. நாம் அறிந்த ஒரே எடுத்துக்காட்டு நாமே. அணுப்படைக்கலன்களையும் மாறிவரும் தட்பவெப்பத்தையும் கைக்கொண்டு இன்னும் எத்தனை நூற்றாண்டு வாழ்வோம் என்பது நம் கையில் இருக்கிறது. வானத்தின் மௌனத்தைப் பற்றிய கேள்வி, இவ்விடத்தில் மண்ணின் கேள்வியாக மாறிவிடுகிறது.

பொறுமை என்னும் முதலீடு

விடை வராத கேள்விக்குப் பணம் செலவிடுவது எளிதன்று. அமெரிக்க நாசா நிறுவனம் 1992 அக்டோபரில் பெருந்தேடல் ஒன்றைத் தொடங்கியது; ஓராண்டுக்குள் நாடாளுமன்றம் அதற்கான நிதியை நிறுத்திவிட்டது. அதன்பின் தேடலைத் தனியார் கொடைகளே பெரிதும் தாங்கின. 2015இல் 10 கோடி டாலர் கொடையுடன் புதிய திட்டம் ஒன்று தொடங்கியது. அத்திட்டத்தினர் 1,327 அண்மை விண்மீன்களை ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டனர். சமிக்ஞை இல்லை. ஆயினும் அது வீண் முயற்சி அன்று. அரெசிபோ ராடாருக்கு இணையான ஆற்றலுடன், ஆராய்ந்த அதிர்வெண்களில், கேட்ட நேரத்தில், அவ்விண்மீன்களிலிருந்து நம்மை நோக்கி எவரும் ஒலிபரப்பவில்லை என்று இன்று நாம் சொல்ல முடிகிறது. சிறு அறிவுதான்; ஆனால் உறுதியான அறிவு.

இந்தியாவுக்கும் வானொலி வானியலில் பெருமைக்குரிய இடம் உண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உதகமண்டலம் அருகே முத்தோரையில், மலைச்சரிவைப் பூமியின் அச்சுக்கு இணையாக அமையுமாறு தேர்ந்து, 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி 1970இல் எழுந்தது. அவரே பின்னர் கோடத் பகுதியில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களை நிறுவ வழிகாட்டினார். இவை துடிவிண்மீன்களையும் தொலைதூர அண்டங்களையும் ஆராயக் கட்டப்பட்டவை. எனினும் மிக மெல்லிய ஒலியைக் கேட்கும் கலையை நம் நாட்டுப் பொறியாளர்கள் இவற்றில்தான் பயின்றனர். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழுந்துவரும் சதுர கிலோமீட்டர் அணி என்னும் உலகத் தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியா பங்கேற்க, ரூ.1,250 கோடிக்கு 2024 தொடக்கத்தில் ஒப்புதல் அறிவிக்கப்பட்டது. கடலில் முகக்கும் பாத்திரம் இனி இன்னும் பெரிதாகும்.

கோடத்தின் அந்த இரவுக்குத் திரும்புவோம். செவ்வாயிலிருந்து வந்த சமிக்ஞை நின்றபோது அதன் பொருளை உணர முடிந்தது. ஏனெனில் அங்கே பேசுவது யார் என்பது தெரியும். விண்மீன்களின் திசையில் நாம் எதையும் அறியோம். ஆகவே அம்மௌனத்தை 'இல்லை' என்று மொழிபெயர்க்க இன்னும் நமக்கு உரிமை இல்லை. 'உண்டு' என்று மொழிபெயர்க்கவும் உரிமை இல்லை. விதைத்தவுடன் விளைச்சல் கேட்பவன் உழவன் அல்லன். பாட்டன் நட்ட பனை பேரனுக்குப் பயன் தருவதை அறிந்த சமுதாயம் நம்முடையது. ஒருநாள் ஒலி கேட்டால், அதைக் கேட்கும் தலைமுறை இன்று பொறுமையுடன் காத்திருப்போருக்கு நன்றி சொல்லும். ஒலி கேட்காமலே போனாலும், இத்தனை பெரிய அண்டத்தில் எத்தனை அரியது இந்தச் சிறு பூமி என்பதை அத்தலைமுறை அறிந்திருக்கும்.